பக்கம் முப்பத்தொன்று

முதல் ஓவியர் என் காத்தாயிக்கு
சினிமாக்காரியின் இடுப்பு வைத்தார்.
அரிசி ஆலையில் இரண்டு மணங்கு மூட்டை தூக்குகிறவள் என்றேன்.
தூக்கட்டுமே, யார் தடுத்தது என்றார்.
இரண்டாமவர் முன்பணம் வாங்கிக்கொண்டு
யாங்கோனுக்கு பஸ் ஏறினார்.
அவர் தம்பி இன்றும் என்னைக் கண்டால்
சைக்கிளைத் திருப்புகிறான்.

பகலெல்லாம் மருந்துக்கடையில்
இருமலுக்கும் சர்க்கரைக்கும் அட்டை வெட்டிக் கொடுத்துவிட்டு
இரவில் கட்டம் கட்டமாய்ப் பிரித்து எழுதிய நாற்பது பக்கம்
ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.

பிறகு அந்தச் சேவல்.
மௌல்மேன் பெரிய சந்தைக்குப் பின்னால்
டயர் கடைப் பலகையில்
ஒற்றைக் காலில் நின்று
கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தது.
யார் வரைந்தது என்று கேட்டேன்.
கடைக்காரர் தாடையால் காட்டினார்.
எதிர்ச் சுவரோரம் குந்தி
யாரோ ஒருவனின் ஹெல்மெட்டில்
தீ வரைந்துகொண்டிருந்தாள் மி ஹொங்சா.

அன்னம் என்று அர்த்தமாம், மோன் மொழியில்.
தமிழ் ஓரெழுத்தும் தெரியாது.
டீக்கடையில் பர்மீயில் கதை சொன்னேன்,
கரண்ட் போய், வந்து, மறுபடி போன மூன்று மணி நேரம்.
பன்னிரண்டாம் கட்டத்தில் காத்தாயி கண்ணைத் துடைக்கிறாள் என்றபோது
நிறுத்தினாள்.
எந்தக் கையால்?
எனக்குத் தெரியவில்லை.
ஒரு கை மூட்டைக்கு, ஒரு கை பலகைப் பாலத்தின் கயிற்றுக்கு.
துடைக்கவே முடியாதே என்றாள்.
ஆறு வருடமாய் நான் எழுதிக்கொண்டிருந்தவளை
ஹொங்சா நேரில் பார்த்துவிட்டாள்.

பக்கத்துக்கு இத்தனை சாட். பாதி முன்னால்.

நாலு பக்கம் வந்தது.
வசனத்தையும் அவளே எழுதியிருந்தாள்,
என் கையெழுத்தைப் படமென்று பார்த்து.
ழகரம் பிடித்துப்போய்
கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தாள்.
மெய்யெழுத்தின் புள்ளிகளை மட்டும்
மை தெறித்ததென்று எண்ணி
ஒன்றுவிடாமல் வெள்ளை பூசி மறைத்திருந்தாள்.
நில் என்று அதட்டவேண்டிய கங்காணி
நில என்றான்.
விழுந்தவன் அமமா என்றான்.
சிரித்து முடித்து, விளக்கை இழுத்துப் போட்டு
இருநூற்றுப் பதினோரு புள்ளி வைத்தேன்.

பெரிய சண்டை குமிழிக்குத்தான்.
பர்மீய எழுத்து உருண்டு உட்கார்ந்துகொள்ளும்.
போய்க்கொண்டிருக்கிறார்களாம் எங்கே உட்காரும்?
ஊதிப் பெரிதாக்கு என்றேன்.
ஊதினால் முகம் மறையும்.
உனக்கு எது வேண்டும், முகமா, களாமா?
களாம் மட்டும் தமிழில் சொன்னாள்.
போகிறார்கள் என்று வெட்டினேன்.
பிறகு அதையும்.

மழைக்காலத்தில் ஏழு வாரம் ஆளைக் காணோம்.
இரண்டாமவரின் பஸ் ஞாபகம் வந்தது.
வந்தாள். வீட்டில் முழங்கால் தண்ணீர்.
தாள்களை அரிசிப் பானைக்குள் வைத்துக்
காப்பாற்றியிருந்தாள்.
பதினெட்டாம் பக்கத்தில்
என் ஒன்பது கட்டங்கள் இல்லை.
ஒரே படம்.
விடியல், படகுத்துறை, இறங்குகிறவர்களின் முதுகுகள்.
ஒரு சொல் இல்லை.
என் மிகச் சிறந்த வசனம் அங்கேதான் இருந்தது.
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் முதுகுகளை எண்ணினேன்.
தொண்ணூற்றேழு.
எதுவும் இன்னொன்றின் முதுகல்ல.

இப்போது முப்பத்தொன்று.
ஆறு கடலைப் பார்த்து ஓடவேண்டும் என்கிறேன்.
அவளோ ஆகாயத்தாமரையை
மலைப்பக்கம் மிதக்கவிட்டிருக்கிறாள்.
இங்கேயே பிறந்தவள் நான், என்றாள்.
நானும்தான், என்றேன்.
வா, பார்த்துவிடலாம்.

கரைச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது
ஏற்றம் முடிந்து
வற்றம் தொடங்காத நேரம்.
சால்வின் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது.
ஆகாயத்தாமரை ஒன்று
இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.
ஹொங்சா செருப்பைக் கழற்றி
அதன்மேல் உட்கார்ந்து
வரையத் தொடங்கினாள்.
இது கூடுதல் கட்டம், என்றாள் தலை நிமிராமல்,
கணக்கில் எழுதிக்கொள்.