செல்லாத பதினொன்று

கை தூக்கச் சொன்னபோது
எல்லாக் கையும் கோயிலுக்குத்தான் எழுந்தன.
கண்மாய் மீன் ஏலப் பணம்
மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
கும்பாபிஷேகத்துக்கா,
பள்ளிக்கூடத்தில் பொம்பளைப் பிள்ளைகள் கழிப்பறைக்கா
என்று ஒரேயொரு தரம் கேட்டார் தலைவர் பொன்னழகு.
முன்வரிசையில் அம்பலம் இருந்தார்.
திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்க வேண்டியதில்லை.

தீர்மானப் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்று
எழுத ஆரம்பித்துவிட்டேன்.
'ஏக' வரைக்கும் வந்திருப்பேன்,
பின்னாலிருந்து தவச்செல்வி,
மேலூர் மில்லுக்கு வேன் ஏறிப் போகிறவள்,
"சீட்டுப் போட்டுப் பாத்துருவோம்" என்றாள்.
யாரும் சரி என்று சொல்லவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
அம்பலம் சிரித்தார்:
"போட்டாத்தான் என்ன, சாமிக்கா பயம்?"

பெட்டிக்கு எங்கே போவது?
ஏலத்துக்கு வந்த தெர்மாகோல் பெட்டி மூலையில் கிடந்தது.
மூடியில் ஒரு வாய் கிழித்தோம்.
அன்றைக்கு விழுந்த சீட்டெல்லாம்
கெளுத்தி வாசம்.

மணி என்றால் கோயில், வாளி என்றால் கழிப்பறை.
வரைந்தவன் நான்.
வாளி கொஞ்சம் பூந்தொட்டி மாதிரி வந்துவிட்டது.
மறைப்புக்கு நூலகத்துப் பீரோ.
அதன் பின்னால் போன சிலர்
போன வேகத்தில் வந்தார்கள்.
வெள்ளையக்காள் நின்றாள்.
அவள் நின்ற நேரத்தில்
ஒரு டவுன் பஸ் வந்து, ஆள் இறக்கி, போய்விட்டது.

எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன்.
மணி நூற்று முப்பத்தெட்டு.
வாளி நூற்று நாற்பத்து மூன்று.
செல்லாதவை பதினொன்று.
இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தூக்கிய
அதே கைகள்தான்.
அதே வளையல், அதே மண்வெட்டிக் காய்ப்பு.
நடுவில் ஒரு பீரோ.

மறுநாள் வீரணன் டீக்கடையில்
கணக்கு வேறாக இருந்தது.
வந்தவர் அத்தனை பேரும் கோயிலுக்குப் போட்டவர்கள்.
"அப்ப வாளிக்குப் போட்டது யாருய்யா,
கண்மாய்க் கொக்கா?"
என்று கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்ட வீரணனும்
கோயிலுக்குத்தானாம்.
அம்பலம் வீட்டுக்குள்ளேயே
மூன்று வாளி இருக்கலாம் என்று பேச்சு.
அன்றைக்கு அவர் யாரிடமும் காபி கேட்காமல்
தானே தண்ணீர் மோந்து குடித்தார் என்றும் பேச்சு.

ஒன்றிய அலுவலகத்தில் கேட்டார்கள்:
"என்னய்யா, ஊர் திருந்திருச்சா?"
ஐந்து ஓட்டு சார்.
ஐந்து பேருக்கு அன்றைக்குப் பல்வலி வந்திருந்தால்
திருந்தியிருக்காது.
இதை நான் சொல்லவில்லை. தலையாட்டினேன்.

எனக்குத் தூக்கம் வராதது
ஐந்தினால் அல்ல.
தனி உறையில் அரக்கு வைத்த அந்தப் பதினொன்று.
நாலு வெறும் தாள்.
இரண்டில் முத்திரை சரியாக நடுக்கோட்டின் மேல்,
அளந்து வைத்தது போல.
ஒன்றில் மணியை வாளிக்குள் போட்டு
யாரோ புதிதாக வரைந்திருந்தார்கள்,
என்னைவிட நன்றாக.
ஒன்றில் கைநாட்டு மட்டும்.
ஒன்று, "நூறு நாள் வேலைக் காசு எப்ப வரும்?"
ஒன்று, பென்சிலில்,
"ரெண்டுக்கும் எங்க தெருவுலருந்து வழி இல்ல."
அதை மட்டும் மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்தேன்.

கடைசி ஒன்று நீலப் பேனா, நல்ல கையெழுத்து:
"மீன் என்ன விலைக்குப் போச்சு,
அத மொதல்ல சொல்லு."

தீர்மானப் புத்தகத்தில் இரண்டு கட்டம்தான்,
ஆதரவு, எதிர்ப்பு.
கேள்வியை எங்கே பதிவது?
பெட்டியைக் கழுவி மாடியில் காயப் போட்டிருக்கிறேன்.
வாசம் போகவில்லை.

ஏலத்தன்று ராத்திரி, சொன்ன தொகைக்கு,
ரசீது எழுதியவனும் நான்தான்.