மெய் மட்டும்

ஆசையை ஒரு வாக்கியமாக எழுது.
உயிரெழுத்துகளை அடி.
இரண்டாம் தடவை வருவதையும் அடி.
மிஞ்சிய மெய்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி
எவராலும் வாசிக்க முடியாத ஓர் உருவாக்கு.
உற்றுப் பார். எரி. மற.

மறப்பதுதான் பெரும்பாடு என்றான் கெஸ்டர்,
பகலில் கொதிகலன் பழுதுபார்ப்பவன்.
கிரிம்ஸ்பி துறைமுகத்தின் பின்தெருவில்
மதுக்கடை மாடியில்
வியாழன்தோறும் ஏழு பேர் கூடினோம்.
ஜன்னல் திரையை வெட்டித் தைத்த கறுப்பு அங்கி.
யாரோ தேவாலயத்திலிருந்து கொண்டுவந்த
பாதி உருகிய மெழுகுவர்த்திகள்.
கீழே கால்பந்துக் கூச்சல் எழும்போதெல்லாம்
ஆவிகளைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு
கோல் யாருக்கு என்று காது கொடுப்போம்.

நான் பணம் கேட்டு எழுதினேன்.
மறக்க விடவில்லை வீட்டுக்காரர்.
ஒவ்வொரு முதல் தேதியும் கதவோடு சேர்த்து
என் மந்திரத்தையும் தட்டி எழுப்பினார்.
ப்ரூ காதலன் கேட்டாள்.
வந்தது ஒற்றைக்கண் பூனை.
பலித்துவிட்டது என்றே இன்றும் சாதிக்கிறாள்.

ஹிலரி ஆக்ஸ்டபி என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை.
மீன் ஆலையில் இரவு வேலை.
எலுமிச்சை தேய்த்துக் கழுவியும்
கைகளை மேசைக்கு அடியில்தான் வைத்திருப்பாள்.
சிரிப்பு வந்தால் மட்டும்
ஒரு கை ஓடிவந்து வாயைப் பொத்தும்.

அவள் போட்ட முதல் உரு
கால் உடைந்த நாற்காலி மாதிரி இருந்தது.
எரிக்கக் கொடுக்கவில்லை.
கோடு சரியில்லை என்றாள்.
அடுத்த வாரமும் அதே உரு, அதே பதில்.
கெஸ்டருக்குக் கோபம்:
எரிக்காத உரு தபாலில் சேர்க்காத கடிதம்.
எரித்துவிட்டால்
அடுத்ததை எதைப் பார்த்துத் திருத்துவேன் என்றாள்.
மந்திரத்துக்கு வந்தாயா, படம் வரைய வந்தாயா?
அவள் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.
நாங்கள் ஆறு பேரானோம்.

மூன்று குளிர்காலம்.
ஆலையின் இடைவேளையில்
ஐஸ் தொட்டிமேல் அட்டையை வைத்து
என்னவோ கிறுக்குகிறாள் என்று பேச்சு வந்தது.
அவள் வீட்டுக் கொதிகலன் நின்றுபோன பிப்ரவரியில்
கெஸ்டருக்குக் கையாளாக நானும் போனேன்.

சுவரெல்லாம் மீன்பெட்டி அட்டைகள்.
பின்புறம் கரிக்கோடுகள்.
ஹேடாக் மீனின் முதுகெலும்பை ஒட்டியே
கத்தி நடுவில் நிற்காமல்
ஒரே இழுப்பில் இறங்குமே, அப்படி ஒரு கோடு.
கடைசி அட்டையில் எழுத்தே இல்லை.
நாற்காலியும் இல்லை.
பெயர் வைக்கத் தெரியாத ஏதோ ஒன்று
நின்றுகொண்டிருந்தது, தன் காலில்.

கெஸ்டர் திருகியைக் கையில் பிடித்தபடி
வெகுநேரம் பார்த்தான்.
முதலில் என்னதான் கேட்டாய்?
அவள் முதல் அட்டைக்கு அருகில் போனாள்.
மெய்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.
உதடு அசைந்தது, நின்றது.
தெரியவில்லையே, என்றாள்.
சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு கையில் கரி, மறு கையில் தேநீர்க் கோப்பை.
பொத்துவதற்குக் கை மிச்சமில்லை.
என்றோ அடித்துப்போட்ட உயிரெழுத்துகள் எல்லாம்
ஆ, ஏ, ஐ என்று
பல்வரிசை தெரிய
அறைக்குள் இறங்கின.

கொதிகலன் இன்னும் பற்றவில்லை.
கெஸ்டர் மண்டியிட்டு
மறுபடி ஒரு தீக்குச்சி கிழித்தான்.