நாற்பது மில்லிமீட்டர்

மொபெனி பட்டறையில் மெர்வின் படையாச்சி
துணியில் கை துடைத்தபடி கேட்டார்:
"எங்கே ஓட்டுவீங்க? நிஜமா சொல்லுங்க."

சானி கணவாய் என்றேன்.
"எத்தனை தடவை போயிருக்கீங்க?"
போகவில்லை. போவதாக இருக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை.
அதனால்தான் பிளாஸ்டிக் நாற்காலியில்
மேலும் அரை மணி நேரம் உட்கார்ந்தேன்.

பிறகு ஒப்புக்கொண்டேன்.
சாட்ஸ்வர்த்திலிருந்து ப்ராஸ்பெக்டன் அலுவலகம்,
காலை ஆறேகால், ஹிக்கின்சன் நெடுஞ்சாலை,
முன்னால் போகும் லாரிகளின் முதுகைப் படித்தபடி.
சனிக்கிழமை மகனுக்கு நீச்சல்.
வெள்ளிக்கிழமை கோயில். இடம் கிடைக்காமல்
புல்விளிம்பில் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்துவேன்.
என் காட்டுப் பயணம் அவ்வளவுதான்.

சுவரில் ஒரு படம்: வெள்ளை வண்டி,
ஒரு சக்கரம் பாறையில், ஒன்று ஆகாயத்தில்.
"அது நாலு அங்குலம்" என்றார்.
"நாலு ஏத்தினா அச்சு மூட்டு கோணிக்கும்,
மேல் ஆர்ம் மாத்தணும்,
பிரேக் அடிச்சா மூக்குக் குத்தும்,
வளைவுல ஒரு பக்கமா சாயும்,
கல்யாண வீட்டுல விடியக்காலம் மாமன் சாயற மாதிரி.
மால் வாசல்ல தொங்குதே கம்பி,
அது கூரையைத் தட்டி யாருன்னு கேக்கும்.
இன்சூரன்ஸ்காரனுக்கும் சொல்லணும்.
யாரும் சொல்றதில்லை."

சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள்.
சறுக்கலுக்கும் ராண்டில் விலைப்பட்டியல் உண்டென்று
அன்றுதான் பார்த்தேன்.

ஏன் உயரம் வேண்டும் என்று மட்டும்
அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

சித்திரை பிறக்க இரண்டு நாள் இருந்தது.
இசிபிங்கோ பாலத்துக்கு இப்பால்
என் பழைய சின்னக் காருக்குள் நான்.
தண்ணீர் கதவின் கீழ்விளிம்புக்கு வந்தது,
பிறகு மிதியடிக்கு, பிறகு
கழற்றிப் போட்ட செருப்பு
தானாக எழுந்து கணுக்காலைத் தொட்டது.
பக்கத்துத் தடத்தில் உயரமான வண்டி ஒன்று
நீரைக் கிழித்துக்கொண்டு போயே போய்விட்டது.
நான் அந்த வண்டியாக வேண்டும், மெர்வின்.
மழை இரவுகளில் எனக்குத் தூக்கம் இல்லை.

அவர் எழுந்து கம்ப்ரஸர் பக்கம் போனார்.
சுவரில் காவி நிறத்தில் ஒரு கோடு,
என் நெஞ்சளவு உயரத்தில்.
சுவர் முழுக்க வெள்ளையடித்து
அதை மட்டும் விட்டிருந்தார்.
"அதே ராத்திரி, இதுவரைக்கும்.
இதுக்கு எந்த ஸ்பிரிங் போடுவீங்க?"

கொஞ்ச நேரம் யாரோ
எங்கோ ஒரு நட்டைத் திருகும் சத்தம்.

நாற்பது மில்லிமீட்டர் என்று முடிவாயிற்று.
"ஸ்பேசர் வேண்டாம், அது
குட்டையா இருக்கறவன் குதிகாலுக்குக் கட்டை வெக்கற கதை.
ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியா மாத்திடறேன்.
பள்ளத்துக்கும் வேகத்தடைக்கும் போதும்."

வியாழக்கிழமை எடுத்து வந்தேன்.
"ஒண்ணுமே மாறலையே" என்றான் மகன்
ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டபடி.
மாறியிருந்தது. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே
இதுவரை தெரியாத ஒரு கீற்று:
கொடியில் ஒற்றைக் காலுறை,
துணி ஊறவைக்கும் தொட்டியில்
சுருண்டு கிடக்கும் நாய்.

புறப்படும்போது மெர்வின் சொன்னது:
"வண்டி ஏறினதால விளக்கைத் தாழ்த்திட்டேன்.
இல்லேன்னா எதிர்ல வர்றவங்க கண்ணு கூசும்."

அன்று மாலையே மழை.
ஹிக்கின்சன் சரிவில் தேங்கிய நீர்,
இடப்பக்கம் ஒரு சின்ன நீலக் கார்,
ஓட்டுபவளின் முகம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது.
அப்போதுதான் ஒன்று உறைத்தது:
அன்று என் எஞ்சினை அணைத்தது மழையல்ல,
அந்த உயரமான வண்டி எழுப்பிய அலை.

காலை எடுத்தேன்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.