நான்காம் பிரதி

ஹாப்சலுவில் எல்லாரும் கைபேசியில்தான் கையெழுத்திடுகிறார்கள்.
ரொட்டிக்கு, வரிக்கு, விவாகரத்துக்கு.
வங்கியில் திரீனு சொன்னாள்:
"ஒரு பொத்தான் போதுமே உர்வே,
பணம் தானாக வந்து விழும்."
தானாக விழுவதெல்லாம்
எங்கள் கூரைப் பனி மாதிரி.
யார் தலையில் என்று சொல்லிவிட்டு விழுவதில்லை.

எனக்கு நாற்பத்து நான்கு வாசகர்கள்.
மாதம் ஒரு கதை, தபாலில்.
தட்டச்சு இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு
நான்கு தாள், இடையே மூன்று கார்பன்.
ஆக, பதினொரு முறை அதே கதை.
தலையில் புழு நெளியும் எங்கள் எழுத்தொன்று
உடைந்து இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
புழுவை மட்டும் பேனாவால் போடுகிறேன்.

சந்தா எவ்வளவு?
டிசம்பர் முழுக்க இதே கணக்கு.
முதல் தாள் கரியாய்க் கறுப்பு: ஒன்பது யூரோ.
இரண்டாவது ஏழு. மூன்றாவது ஐந்து.
நான்காவது
மூடிய ஜன்னலுக்கு அப்பால் யாரோ பேசுவது போலிருக்கும்: மூன்று.
மொத்தம் இருநூற்று அறுபத்து நான்கு.
தபால்தலை, உறை, ரிப்பன் போக
மிச்சம் அரை வண்டி விறகு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் போடுவது கடலில்,
அதுவும் உறைந்த கடல்.
போட்டது மூழ்காமல் மேலேயே கிடக்கும்,
போகிற வருகிற எல்லார் கண்ணிலும் படும்.

நியாயமான விலை என்று
நிம்மதியாகத் தூங்கினேன். ஒன்பது நாள்.

பத்தாம் நாள்
ஹியுமா தீவிலிருந்து கால்யுவின் கடிதம்.
"மூன்று யூரோ இத்துடன்.
கதை நன்றாயிருந்தது, இரண்டாம் பக்கம் வரை.
அதற்குமேல் பகல் வெளிச்சத்தில் பிடித்தும் தெரியவில்லை.
இடது கண்ணில் புரை.
வலது கண் பிறவியிலேயே சோம்பேறி.
அந்தப் படகோட்டி கரை சேர்ந்தானா என்று மட்டும்
ஒரு வரி எழுதினால் போதும்."

எழுத்தின் கறுப்புக்கு விலை வைத்தவள் நான்.
காசு மங்கும் வயதில்தான்
கண்ணும் மங்கும் என்பதை
கணக்கில் எங்கேயும் கூட்டவில்லை.

அடுத்த கதையில் அவருக்கு முதல் தாள்.
அப்படியானால்
ஒன்பது யூரோக்காரர் ஒருவருக்கு நான்காவது.
டாக்டர் லெப்பிக்கைத் தேர்ந்தேன்.
வரும் பேருந்தின் எண்ணை
எனக்கு வெகு முன்பே படித்துவிடுகிறவர்.
குறிப்பு வைத்தேன்:
"உங்களுடையது நல்ல கண். விலை அதேதான்."
பதில் வந்தது:
"கண் நல்லதுதான். வயிறுதான் கொஞ்சம் எரிகிறது."
கூடவே ஒன்பது யூரோ,
அத்தனையும் பொடிச் சில்லறை.
எண்ணி முடிக்க அரை மணி.

கிழவருக்குச் சும்மா அனுப்பிவிடேன் என்றாள் திரீனு.
கேட்டுப் பார்த்தேன்.
கால்யு கோபமாக எழுதினார்:
"காசு தராவிட்டால்,
கதை மோசமாயிருக்கிற மாதம்
நான் எந்த வாயால் திட்டுவது?"

வால்காவில் எல்லோவும் லெம்பியும்.
அக்கா தங்கை, பேச்சுவார்த்தை கிடையாது,
தனித்தனிச் சந்தா.
பல் டாக்டர் வாசலில் அருகருகே உட்கார நேர்ந்து
வாய் திறந்திருக்கிறார்கள்.
ஒருத்தியின் தாளில் படகோட்டி மூழ்கிப்போனான்.
இன்னொருத்தியின் தாளில்
ஈரக் காலுறையைப் பிழிந்தபடி வீட்டுக்குள் வருகிறான்.

உண்மைதான்.
ஏழாம் சுற்றில்
அவனை மறுபடி கொல்ல என்னால் முடியவில்லை.
விரல் வலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரும் எழுதியிருக்கிறார்கள்,
ஒரே உறையில், ஒரே தபால்தலையில்.
விலை வித்தியாசத்தைத் திருப்பித் தரவேண்டுமாம்.
செத்தவனுக்கா, பிழைத்தவனுக்கா என்று சொல்லவில்லை.

கால்யுவுக்கு
அந்த ஒரு வரி இன்னும் போகவில்லை.
அவர் கைக்குப் போனது
எத்தனையாவது சுற்றின் நான்காவது என்று
நான் குறித்து வைக்கவில்லை.
வெளியே பனிக்கட்டி மேல் பாதை திறந்துவிட்டார்கள்,
தபால் வண்டி தீவுக்கு மூன்று மணிக்குக் கிளம்பும்.
கார்பன் இல்லாமல்
ஒற்றைத் தாளைச் சுற்றினேன்.