தானே

காடாம்புலியூர் சிவபூசணம்
டாட்டா ஏசில் ஏற்றிவந்த பலாக்கட்டை
பன்னிரண்டு வருசம் அவர் கொட்டகையில் படுத்திருந்தது.
"தானேயில் விழுந்தது" என்றார்.
"தானே விழுந்ததா?" என்றேன்,
சிரிக்கட்டுமே என்று.
சிரிக்கவில்லை.
ஒரே ராத்திரியில் நூற்றுநாற்பது மரம் போனவர்.
மகளுக்குக் கட்டில், இதிலேயே வேண்டும் என்றார்.

கடலூர் முதுநகரில் எங்கள் பட்டறை.
பின்சுவருக்கு அப்பால் உப்பனாறு.
கணக்கும் பெயின்ட்டும் எனக்கு,
மெஷின் கொழுந்தன் கலிவரதனுக்கு.

அறுக்க அறுக்க மஞ்சள்.
மேசை, தரை, அவன் புருவம், என் டீ.
மூன்றாவது பலகை பாதி போனதும்
சத்தம் மாறியது.
ஒரே சுருதியில் ஓடிய மோட்டார்
தொண்டையில் முள் சிக்கியதுபோல் கம்மியது.
எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.
இன்னும் கொஞ்சம்தானே என்று தள்ளினான்.

மரத்துக்குள் காற்று இருந்தது.
அந்த ராத்திரி
ஒரு பக்கமாய் வளைத்துப் பிடித்த காற்று
நாருக்கு நார் இறுகிக் கிடந்தது.
அறுத்த வழி திறந்தே இருக்கவேண்டும்.
இருக்கவில்லை.
உதடுபோல் மூடிப் பிளேடைக் கவ்வியது.

முன்பல் மரத்தை மேசையோடு அழுத்தும்.
பின்பல் மேலே தூக்கும்.
தூக்கினால் எறியும்,
எறிவது தள்ளியவன் பக்கம்.
இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.
அப்போது தெரிந்தது ஒரு சத்தம்,
அப்புறம் சுவரோரம் உட்கார்ந்திருந்த கலிவரதன்.
பலகை அவன் மடியில்
பிள்ளைபோல் கிடந்தது.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
தொப்புளுக்குக் கீழே கறுத்துவந்த கோட்டைப் பார்த்து
"மாடு முட்டிச்சா?" என்றார் டாக்டர்.
"பலகை."
"யார் அடிச்சது?"
"தானே வந்துச்சு சார்."

நாலாம் நாள்
நீல டப்பா திறக்க
வழக்கமான தகட்டை எடுத்தேன்.
பிறைபோல் வளைந்தது, அடியில் இரண்டு துளை.
மூன்று வருசமாய் இதால்தான் நெம்புகிறேன்.
டப்பா நெம்ப
எதற்கு இரண்டு துளை?

மெஷினுக்கடியில் குனிந்து டார்ச் அடித்தேன்.
பிளேடுக்குப் பின்னால், தூள் மூடி,
எதையோ பிடிக்கக் காத்திருக்கும் இரண்டு போல்ட்.

வாங்கிய வாரமே கழற்றியது.
காடி வெட்ட இடைஞ்சல் என்று சொன்னவன் அவன்.
ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது
நான்தானே.

தின்னர் ஊற்றித் தேய்த்தேன்.
மேலே பள்ளிக்கூட பெஞ்சு நீலம்,
அதன்கீழ் படகுப் பச்சை,
அதன்கீழ் யாருடைய கல்யாண நாற்காலியோ, தங்கம்.
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒரு சின்னப் படம் பொறித்திருந்தது:
பலகை, ஆள், ஆளை நோக்கி அம்புக்குறி.

கலிவரதன் வந்தான். பார்த்தான். மாட்டினான்.
அது சுழலாது. பல் கிடையாது.
அறுத்த வழிக்குள் நுழைந்து
இரண்டு பக்கமும் ஒட்டாமல் நிற்கும்.
பங்காளிச் சண்டையில்
நடுவில் வந்து உட்கார்ந்து
ஒரு வார்த்தை பேசாத ஆள்போல.

பிளேடை இறக்கினான்,
மரத்துக்கு மேல் பல் மட்டும் தெரியும்படி.
பிளேடுக்கு நேரே சுவர்வரைக்கும்
சாக்பீஸில் நான் கோடு இழுத்தேன்.
அவன் கோட்டுக்கு இடப்புறம் ஒதுங்கி நின்றான்,
கையில் தள்ளுகட்டை.
கடைசிப் பலகை நெளிந்தது. மூட வந்தது.
தகட்டைத் தொட்டு நின்றது.
முழங்காலால் சுவிட்சைத் தட்டி அணைத்தான்.
பின்னால் இழுக்கவில்லை, தூக்கவில்லை,
அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.
பிளேடு அடங்குவதற்குள்
ஆற்றில் ஒரு படகு
முழுசாய்க் கடந்து போனது.

கட்டில் எடுக்க வந்த சிவபூசணம்
பெல்ட் கட்டிய வயிற்றைப் பார்த்தார்.
"என்னப்பா ஆச்சு?"
"தானே..." என்று ஆரம்பித்து
என்னைப் பார்த்து
நிறுத்திக்கொண்டான்.

நான் கரண்டிக் காம்பால்
வார்னிஷ் டப்பாவை நெம்பிக்கொண்டிருந்தேன்.
சுலபமாய் இல்லை.