பச்சைப் பென்சில்

மூடுபனி. குய்வஸ்து துறையில் படகு கிளம்பவில்லை.
ரூபிள் போய்க் குரோன் வந்த ஜூன் அது.
பழைய நோட்டா, புதுசா என்று
கையைப் பார்த்துவிட்டே காபி ஊற்றினாள்
கடைக்கார ஹெல்வே.
பெஞ்சில் இடமில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்து
நின்றபடி திருத்திக்கொண்டிருந்தேன்
நாற்பத்தொரு விடைத்தாள்களை.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
இரவு மணி பதினொன்று. விளக்கு தேவைப்படவில்லை.
இந்தத் தீவுகளில் ஜூன் மாதம் இருட்டு
வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

கடைசிக் கேள்வி, பாடநூல் கதையிலிருந்து.
கலங்கரை விளக்கக் காவலர் ஹின்ரிக்
எண்ணெய் தீர்ந்த புயல் இரவில்
துடுப்பை எரிக்கிறார், மேசையை எரிக்கிறார்,
விடியுமுன் நாற்காலியையும் எரிக்கிறார்.
ஏழு படகுகள் கரை சேர்கின்றன.
"இக்கதை உணர்த்தும் பண்பு யாது? ஐந்து மதிப்பெண்."

விடைக்குறிப்பு என் பையில்:
தன்னலமின்மைக்கு இரண்டு, இரக்கத்துக்கு இரண்டு,
கையெழுத்துக்கு ஒன்று.

தன்னலமின்மை. தன்னலமின்மை. தன்னலமின்மை.
ஒரு பையன் 'தன்னலம்' வரை எழுதிவிட்டு
மிச்சத்தை மறந்திருந்தான்.
ஒருத்தி, காவலருக்குப் பென்ஷன் கொடுத்தார்களா
என்று கேட்டிருந்தாள்;
அவளுக்கு அரை மதிப்பெண் கூட்டிப் போட்டேன்.

பதினான்காம் எண்.
கறுப்பில் தொடங்குகிறது: "புயல் அடித்தது. காவலர்"
அங்கே ஒரு குழி. தாள் கிழிந்திருக்கிறது.
முறிந்த கரிமுனை முள்ளைப் போல
இன்னும் குத்தி நிற்கிறது.
அடுத்த சொல் பச்சை.
பிறகு பக்கம் முடியும்வரை பச்சை,
தன்னலமின்மை, இரக்கம், முத்து முத்தான எழுத்து.
ஐந்துக்கு ஐந்து.

பதினைந்தாம் எண்.
முதல் வரியிலிருந்தே பச்சை.
இலக்கணம் பச்சை, கடிதம் பச்சை,
கடைசி விடையும்:
"நாற்காலி அவருடையது என்று கதை சொல்லவில்லை.
வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் உண்டு.
பால் கொடுக்க அவள் உட்காரும் நாற்காலி என்றால்
அதைக் கொடுத்தது"
அவ்வளவுதான்.
முற்றுப்புள்ளிகூட இல்லை.
கீழே பதினோரு கோடுகள் காலியாகக் கிடந்தன.

மறுபடி பதினான்கு. மறுபடி பதினைந்து.
கண்ணாடியில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன்.
ஒரே பச்சை, ஒரே மெழுகு மினுக்கம்.
அந்த வருஷம் எங்கள் கடைகளுக்கு
பென்சில் வரவேயில்லை. எங்கோ கிடந்த
வண்ணப் பெட்டியைப் பிரித்து
ஆளுக்கொன்று கொடுத்திருப்பார்கள்.

விதி ஏழு, தாளின் தலையில் அச்சாகியிருந்தது:
"எப்பொருளையும் பிறருக்குக் கொடுத்தல் கூடாது.
மீறினால் இருவர் தாளும் செல்லாது."
அதே தாளின் அடியில், பண்பு யாது?
அச்சுக் கோத்தவருக்குச் சிரிப்பு வரவில்லையா?

காபி ஆறிப்போனது.
அவளுக்கு ஐந்து போடலாம்.
போட்டால் தாலினில் மேலாய்வாளர்
ஏன் ஐந்து என்று தாளைத் தூக்கிப் பார்ப்பார்.
பக்கத்துத் தாளையும் பார்ப்பார்.
பச்சை காட்டிக்கொடுத்துவிடும்.
அவள் செய்ததைச் சொல்லக்கூடாது,
சொல்லாமலிருக்க வேண்டுமென்றால்
அவளைத் தோற்றவளாகவே விட்டுவைக்க வேண்டும்.

தன்னலமின்மை என்ற சொல் விடையில் இல்லை. பூஜ்யம்.
இரக்கமும் இல்லை. பூஜ்யம்.
கையெழுத்து மேடும் பள்ளமும்தான்,
இருந்தாலும் ஒன்று.
சிவப்பு மையில் அந்த ஒன்றை எழுதியபோது
ஒரு கோடு போடுவதற்கு
இவ்வளவு நேரம் ஆகுமா என்றிருந்தது.

பனிக்குள்ளே படகின் ஊதல், ஒருமுறை.
கிளம்பவில்லை; சோதித்துப் பார்க்கிறார்களாம்.
ஹெல்வே கடைக்குள்ளிருந்து
ஒரு முக்காலியைக் காலால் தள்ளினாள்.
"எத்தனை நேரம் நிற்பீங்க, உட்காருங்க."

"இது யாருடையது?" என்று கேட்டேன்.
விசித்திரமாகப் பார்த்தாள்.
"ஏன், என்னுடையதுதான்" என்றாள்,
நின்றுகொண்டு.