சாம்பல்

ஊத்தான் மெலிந்தாங்கில் மழை விட்ட காலை.
செம்பனை ஆலையின் கழிவுத் தொட்டி
புளித்துப்போயிருந்தது.

மீட்டரில் ஐந்து புள்ளி எட்டு.
ஏழில் நிற்க வேண்டும்.
மூன்று நாளாய்ச் சுடர்க்குழாயில் தீ இல்லை.
எரிவாயு இயந்திரம் செத்த லாரி மாதிரி
கொட்டகையில் கிடக்கிறது.
பழம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது,
டிராக்டர் டிராக்டராக.
ஆலை வேக வைக்கும், பிழியும்,
மிச்சக் கஞ்சியைச் சுடச்சுட
என் பக்கம் தள்ளிவிடும்.
நான் குமுதவல்லி, கழிவுப் பகுதி, முதல் ஷிப்ட்.

வாயு விடுபவை பாக்டீரியா இல்லை
என்றான் ஆய்வுக்கூடத்து ஹஃபிசுடின்.
ஆர்க்கியா. வேறு வம்சம்.
நாம் இழுக்கும் மூச்சு
அவற்றுக்கு நஞ்சு.
பந்தி முடிந்த பிறகு
சாப்பிட உட்காரும் கூட்டம்;
மற்றவை தின்று கழித்த புளிப்பை, ஹைட்ரஜனை
வழித்து விழுங்கி
மீத்தேனாய் ஏப்பம் விடும்.
அவை கோபித்து எழுந்து போனால்
முதல் பந்தியில் உண்டவர்களுக்கும் செரிக்காது.

எனக்கு அந்தக் கூட்டத்தைத் தெரியும்.
பத்தாம் நம்பர் காட்டில்
படுத்து அசைபோடும் மாட்டின் விலாவில்
காதை வைத்துக் கேட்டிருக்கிறேன்:
தூரத்து இடி புரள்வது போல.
மாடா புல்லைச் செரிக்கிறது?
செரிக்கிறவற்றை மாடு
சுமந்துகொண்டு நடக்கிறது.

சாம்பலை ஐயாயிரத்து இருநூறு வெள்ளிக்கு விற்றேன்.
மகனுக்குப் பாலிடெக்னிக், விடுதி, மடிக்கணினி.
வாங்கியவர் சூராவ் கமிட்டி ரட்சுவான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் இருந்தது.
கேட்க என்ன இருக்கிறது.

பெருநாளன்று ஆலை லாரியில்
நீல டிரம்மோடு போனேன்.
வயிற்றுக்குள் இருப்பது வேண்டும், என்றேன்.
என் நெற்றியைப் பார்த்த ரட்சுவான்
தலையைக் குனிந்துகொண்டார்.
எந்த மாட்டினது, என்றார் தரையிடம்.
ஏழு மாடு.
எதுவானாலும் சரி, என்றேன்.
பொய்.
வேலியோரம் ஒரு நரைத்தோல் கிடந்தது.
பார்க்காதது போல் பார்த்தேன்.
அவரும் அந்தப் பக்கம்தான் வாளியோடு போனார்.

பச்சைக் குழம்பு. உடம்புச் சூடு.
அப்போதுதான் வெட்டிய புல்லின் வாசம்.
காற்றுப் படாமல் மூடியை இறுக்கி
மேடுபள்ளமெல்லாம் அணைத்துப் பிடித்து வந்தேன்.
உள்ளே இன்னும் குமிழ்ந்துகொண்டிருந்தது.
அதற்குச் செய்தி போயிருக்கவில்லை.

அவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரு டிரம்:
கடலில் கரைத்த பெருங்காயம்.
வரவைப் பாதியாய்க் குறைத்ததும் சுண்ணாம்பும்தான்
காப்பாற்றியது என்று
பொறியாளர் அறிக்கை எழுதினார்.
இருக்கலாம்.

ஆறு புள்ளி ஒன்று.
ஆறு புள்ளி நான்கு.
மறுபடி ஆறு புள்ளி மூன்று; அன்று சோறு இறங்கவில்லை.
பதினேழாம் நாள் விடியலில்
ஆறு புள்ளி ஒன்பது.
தொட்டிமேல் போர்த்திய ரப்பர் விரிப்பு
மெல்ல உப்பி எழுந்தது,
படுத்திருக்கும் மாட்டின் விலா போல.
காதை வைத்துப் பார்க்கலாமா என்றிருந்தது.
ரொபியுல் பார்த்துக்கொண்டிருந்தான். வைக்கவில்லை.

அவன்தான் குழாயைப் பற்ற வைத்தான்.
வெயில் ஏறினால் அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாது;
அதற்கு மேலே காற்று நெளிவது மட்டும்
தெரியும்.

பதிவேட்டில் வெப்பம் எழுதினேன், புளிப்பு, வாயு அளவு.
குறிப்பு என்ற கட்டத்தில்
சாம்பல் என்று எழுதினேன்.

மேலாளர் படித்துவிட்டு
கொதிகலன் சாம்பலா, நல்லது,
அதுவும் புளிப்பை முறிக்கும், என்று
கையெழுத்துப் போட்டார்.